நோட்டில் ஏறாத அளவு

எருமைத் தோல்.
தாரில் ஊறிய தென்னங்கயிறு, புனலூரில் திரித்தது.
மூன்று நாள் எண்ணெயில் கிடந்த பலாக்கட்டை.
பஞ்சாலையில் கழித்துப்போட்ட பருத்திப் பெல்ட்.
கடைசியாக, கப்பலில் வந்த சாம்பல்நிறப் பட்டை;
ஊடே பித்தளைக் கம்பி ஓடியது.
கல்லில் நெய்த துணியாம், தீயில் வேகாதாம்.
ஒரு சோடி, என் இரண்டு மாதச் சம்பளம்.

முதலாளி சேகு மீரான் சொன்னது ஒரே பேச்சு:
"மலிவானதில் வண்டி நிற்குமா பார்."
எல்லாவற்றிலும் நிற்கும் முதலாளி,
எங்கே என்பதுதான் கேள்வி.

ஆடி பிறந்ததும்
கோட்டைவாசலிலிருந்து புளியரைக்கு இறங்க ஆரம்பித்தோம்.
பின்சீட்டைக் கழற்றி எட்டு மூடை கருவாடு ஏற்றினோம்;
சோதனை என்று தெரிந்தபின்
ஆள் யார் ஏறுவார்?
சவரிராயன் ஓட்டினான்.
வறீது மட்கார்டில் தொற்றிக்கொண்டு
சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டியதும்
"சவிட்டு!" என்று கத்தினான்.
கோட்டிலிருந்து சக்கரம் வரை
நான் அடி மேல் அடி வைத்து அளந்தேன்.
நோட்டில் உள்ள அடியெல்லாம் என் செருப்பு,
பத்தரை அங்குலம்.

கயிறு முதல் நாளே பற்றிக்கொண்டது.
மூன்றாம் வளைவில் சக்கரத்துக்குள்
யாரோ பீடி குடிப்பது போல,
நாலாம் வளைவில் யாரோ சோறாக்குவது போல.
மண்ணள்ளிப் போட்டு அணைத்தோம்.
பலாக்கட்டை நன்றாகவே பிடித்தது. ஆனால் பாடியது.
எதிரே ஏறி வந்த வண்டிமாடுகள் இரண்டும்
நுகத்தோடு திரும்பி ஊர் பார்த்து நின்றன.
பருத்தி பரவாயில்லை,
சூடேறினால் தன் வேலையை மறந்துவிடும்.
டிரம்மில் துப்பிப் பார்ப்பேன்:
வழிந்தால் சூடில்லை, துள்ளினால் சூடு,
துப்பியதே தெரியவில்லை என்றால்
இறங்கி நடக்கணும்.

தோலைப் பற்றித்தான் எழுதணும்.
வெயிலில் அறுபது அடி.
சாரலில் நூற்றுப்பத்து. மறுபடி சாரலில் நூற்றுமுப்பது.
சிவப்பு மையில் "ஆகாது" என்று எழுதி, நோட்டை மூடி,
இறங்கிக்கொண்டிருந்தோம்,
அளக்க அல்ல, கழற்ற.
ஆறாம் வளைவு. மஞ்சு மூடியிருந்தது.
நடுரோட்டில் ஒருத்தி, தலையில் பலாப்பழம்.

சவரிராயன் மிதித்தான். யாரும் கத்தவில்லை.
கருவாட்டு மூடைகள் என் பிடரிக்கு வந்தன.
நின்றுவிட்டது.
ரேடியேட்டரின் மூச்சில் அவள் முந்தானை அசைந்தது,
பழம் அசையவில்லை.
எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.
மூக்கைப் பொத்திக்கொண்டு,
"செத்த மீனுக்கு என்னய்யா அவசரம்?"
என்றாள். போனாள்.

இறங்கி அடி வைத்தேன். கோடு ஏது?
எங்கே மிதித்தாய் என்றால் சவரிராயனுக்குத் தெரியவில்லை.
முப்பது இருக்கும் என்றான் வறீது.
இருபது என்றேன் நான்.
அதே தோல், அதே ஈரம், அதே வளைவு,
மறுநாள் ஐந்து முறை ஓட்டினோம்.
நூற்றிருபதுக்குக் கீழே வரவே இல்லை.
நடுரோட்டில் நான் நின்று பார்க்கிறேன் என்றான் வறீது.
பலாப்பழத்துக்கு எங்கே போவது என்று சொல்லி
இழுத்து வந்தேன்.

கல்துணி நாற்பத்தெட்டு அடி. நனைந்தால் ஐம்பது.
ஒன்பது இறக்கத்திலும் அதேதான்;
சவரிராயனுக்குக் கொட்டாவி வந்தது.
டிரம்மைத் திறந்தால் மாவாய் வெள்ளைத் தூசி.
வாயால் ஊதித் துடைத்தோம்.
புருவமெல்லாம் வெளுத்து
ஒருவனை ஒருவன் பார்த்துச் சிரித்து,
இருமி, மறுபடி ஊதினோம்.
கறுப்பு மையில் "தேறியது".

முதலாளி விலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
இரண்டு வண்டிக்கு மட்டும் வாங்கினார்.
மற்ற மூன்றுக்கும் பருத்தி.

நோட்டில் ஒரு வரி இன்னும் முடியவில்லை.
பொருள், எருமைத் தோல்.
இடம், ஆறாம் வளைவு.
பாரம், எட்டு மூடையும் மூன்று பேரும்.
அடி என்ற கட்டத்தில்
பேனாவை வைத்து வைத்து எடுத்ததில்
ஒரு சொட்டு மை விழுந்து
பக்கத்துக் கட்டம் வரை பரவியிருக்கிறது.